ஓராண்டு கழித்து நலம் விசாரித்த மருத்துவர்

தேக்கா சந்தையில் நம் அம்மாக்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவதில்லை. கைப்பேசி வாங்க நாமும் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் வீட்டில் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை என்றால் என்ன செய்கிறோம்? மாமாவுக்கு அங்கேதான் செய்தார்கள், நன்றாக இருக்கிறார் என்று பக்கத்து புளோக் அத்தை சொன்னால் போதும், நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அதே மருத்துவமனையில் அதே சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்து உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். அவர் வெளியாள் அல்லர், அறுவை மருத்துவரே. கேட்டதோடு நிற்காமல் தம்முடைய கணக்கைத்தான் முதலில் விரித்துக் காட்டினார். அதனால் பதவி, வருமானம், நட்பு என்று ஒவ்வொன்றாக இழந்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எர்னெஸ்ட் ஏமரி காட்மன்தான் அவர். மருத்துவ உலகில் புகழ்பெற்ற பெயர். நம் தமிழ் மலர்களில் நான் இதுவரை காணாத பெயர். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துவிட்டு, நோயாளர் பதிவேடுகளின் எண்களோடு மல்லுக்கட்டும் வேலைக்கு வந்தவன் நான். எங்கள் தொழிலுக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அது காட்மன்தான். எனவே மலருக்குக் கட்டுரை கேட்டதும் வேறு யாரைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை.

காட்மன் 1869 டிசம்பர் 30ஆம் நாள் பாஸ்டனில் பிறந்தார். பழைமையான, வசதியான குடும்பம். ஹார்வர்டில் 1891இல் பட்டம் பெற்று, அங்கேயே 1895இல் மருத்துவப் படிப்பையும் முடித்தார். வேட்டையிலும் மீன் பிடிப்பதிலும் அவருக்குத் தீராத ஆசை உண்டு. எத்தனை குண்டு சுட்டோம், எத்தனை பறவை விழுந்தது என்ற கணக்குப் பழக்கம் அங்கிருந்துதான் தொற்றியதோ என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

அவருடைய வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்த சம்பவம் மாணவப் பருவத்திலேயே நடந்தது. அந்தக் காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஈதர் கொடுத்து மயக்கமூட்டும் வேலையை, அதிகப் பயிற்சி இல்லாத மருத்துவ மாணவர்களிடம் விட்டுவிடுவார்கள். காட்மனின் வகுப்புத் தோழர் ஹார்வி குஷிங். பிற்காலத்தில் மூளை அறுவைச் சிகிச்சையின் முன்னோடியாக உலகப் புகழ் பெற்றவர். அவர் மாணவராக ஈதர் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். குஷிங் மனம் உடைந்தார். நண்பர்கள் இருவரும் 1894இல் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் மூச்சையும் ஒரு தாளில் குறிப்பது. யார் நன்றாக மயக்கமூட்டுகிறார் என்பதில் இருவருக்கும் பந்தயம். தோற்றவர் இரவு விருந்து வாங்கித் தர வேண்டும்! இன்று அறுவைக் கூடத்தில் மயக்க மருத்துவர் வைத்திருக்கும் பதிவுத்தாளுக்கு முன்னோடி, அந்த இரண்டு மாணவர்கள் எழுதிய தாள்கள்தாம்.

படிப்பு முடிந்ததும் காட்மன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராகவும் ஹார்வர்டில் ஆசிரியராகவும் ஆனார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட புதிதில் அதில் ஆர்வத்தோடு உழைத்தார். தோள்பட்டை வலியை ஆராய்ந்தார். தோள் வலிக்காக நம் தாத்தா பாட்டிகளைக் குனிந்து நின்று கையைக் கடிகார ஊசல்போல் ஆட்டச் சொல்கிறார்களே, அந்தப் பயிற்சி இன்றும் காட்மன் பெயரால்தான் வழங்குகிறது. இந்த வழியிலேயே போயிருந்தால் செல்வாக்கான பேராசிரியராக நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். அவர் போகவில்லை.

அவருடைய மனத்தை அரித்த விஷயம் மிகச் சாதாரணமானது. நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் அவருடைய கோப்பு மூடப்படுகிறது. அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்று மருத்துவமனைக்குத் தெரியாது. தெரியாதபோது, செய்த சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதும் தெரியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைப்போம் என்றார் காட்மன். என்ன தொல்லையோடு வந்தார், என்ன நோய் என்று கணித்தோம், என்ன செய்தோம், இடையில் என்ன சிக்கல் வந்தது, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்பவை அதில் இருக்க வேண்டும். பலிக்கவில்லை என்றால் ஏன் என்பதையும் எழுத வேண்டும். இறுதி விளைவுத் திட்டம் என்று இதற்குப் பெயர் வைத்தார். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஒரு மளிகைக் கடைக்காரர்கூட ஆண்டு முடிவில் லாப நட்டம் பார்க்கிறார். மருத்துவமனைகளோ அன்று எத்தனை நோயாளிகள் வந்தார்கள், எவ்வளவு நன்கொடை சேர்ந்தது என்பதைத்தான் ஆண்டறிக்கையில் அச்சிட்டன.

1910இல் இலண்டனுக்குச் சென்றிருந்தபோது, குதிரை வண்டிப் பயணம் ஒன்றில் பிலடெல்பியாவைச் சேர்ந்த எட்வர்ட் மார்ட்டினிடம் இந்த எண்ணத்தை விளக்கினார். அமெரிக்காவுக்கென ஓர் அறுவை மருத்துவர் கழகம் வேண்டும் என்ற எண்ணம் மார்ட்டினுக்கு இருந்தது. அந்தக் கழகம் 1913இல் அமைந்தது. மருத்துவமனைகளுக்குத் தரம் வகுக்கும் குழுவுக்குக் காட்மனே தலைவரானார்.

வெளியில் மதிப்பு ஏறியபோதும் சொந்த ஊரில் நிலைமை வேறாக இருந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதவி உயர்வு பணிமூப்பைப் பொறுத்தது. யாருடைய கை சுத்தம், யாருடைய நோயாளிகள் அதிகம் தேறுகிறார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. 1914இல் காட்மன் இதை எதிர்த்துப் பதவி விலகினார். விலகியவர் சும்மா இருந்தாரா? உடனே தலைமை அறுவை மருத்துவர் பதவிக்கு விண்ணப்பித்தார். கடந்த பத்தாண்டுகளில் என் நோயாளிகளின் விளைவுகள் மற்றவர்களுடையதைவிட மேலானவை, இல்லை என்பவர்கள் தங்கள் கணக்கைக் காட்டட்டும் என்பதுதான் விண்ணப்பத்தின் சாரம். எதிர்க்கணக்கு காட்ட யாரிடமும் கணக்கு இல்லை. பதவி கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் 1911லேயே பாஸ்டனின் பிங்க்னி தெருவில் சொந்தமாகச் சிறிய மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு படுக்கைகள் மட்டுமே. தாம் மற்றவர்களிடம் கேட்டதை அங்கே தாமே செய்து காட்டினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்களுடைய சிகிச்சையில் 123 பிழைகளை அவரே கண்டு எழுதினார். பிழைகளுக்கு வகைகளும் பிரித்தார். கைத்திறன் குறைவால் வந்தது, தவறான முடிவால் வந்தது, கவனிப்போ கருவியோ போதாததால் வந்தது, நோயைச் சரியாகக் கணிக்காததால் வந்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நோயே வெல்ல முடியாததாக இருந்தால் அதற்குத் தனிக் குறி. நோயாளி சிகிச்சையை மறுத்தால் அதற்கும் ஒன்று. தம்முடைய மோசமான பிழைகளையும், அவை பிழை என்றே அப்போது தமக்குத் தெரியாமல் போனதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டு வெளியிட்டார்.

நண்பர்களே, இந்த 123 என்ற எண்ணைப் பார்த்து அவர் மோசமான மருத்துவர் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற மருத்துவமனைகளின் எண் என்ன என்பது எவருக்குமே தெரியாது. எழுதியவர் ஒருவர் மட்டும்தான்.

அவருடைய வாழ்வின் உச்சமான நாள், வீழ்ச்சியின் நாளும்கூட, 1915 ஜனவரி 6. பாஸ்டன் மருத்துவ நூலகத்தில் உள்ளூர் அறுவை மருத்துவர்களின் கூட்டம், தலைவர் காட்மன். தலைப்பு மருத்துவமனைகளின் செயல்திறன். தொழிற்சாலை வேலைகளை நுணுகி ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத் போன்றவர்களைப் பேச அழைத்திருந்தார். கூட்டத்தின் முடிவில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். மண்ணுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி ஒன்று, பின்பக்கமாகப் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. நெருப்புக்கோழி பாஸ்டனின் பணக்கார வட்டாரத்து மக்கள். முட்டைகளைப் பொறுக்குபவர்கள் ஹார்வர்டின் பெரிய மருத்துவர்கள். உண்மையைச் சொன்னால் முட்டை நின்றுவிடுமோ என்று மருத்துவமனை அறங்காவலர்கள் யோசிக்கிறார்கள். ஹார்வர்டின் தலைவரும் படத்தில் இருந்தார்.

அரங்கம் கொந்தளித்தது. கூட்டத் தலைவர் பதவி போயிற்று. ஹார்வர்டின் ஆசிரியர் வேலையும் போயிற்று. நெருங்கிய நண்பர்கள்கூடத் தெருவில் முகம் கொடுக்கத் தயங்கினார்கள். மற்ற மருத்துவர்கள் நோயாளிகளை அனுப்பினால்தானே ஓர் அறுவை மருத்துவருக்குத் தொழில் நடக்கும்? 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல் வெடித்து நகரமே சிதைந்தபோது அங்கே ஓடிப்போய்ச் சிகிச்சை அளித்தார். அடுத்து இராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். சிறிய மருத்துவமனையின் கதவு மூடப்பட்டது.

ஆனால் அவர் விதைத்தது வேறோர் இடத்தில் முளைத்திருந்தது. அறுவை மருத்துவர் கழகம் நூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளை ஆய்வு செய்தது. குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மட்டுமே. தேறாதவற்றில் நாட்டின் பெயர்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. 1919இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் கூடியிருந்த கழகத்தார், பத்திரிகையாளர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அந்தப் பட்டியலை விடுதியின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள். காட்மன் கேலிச்சித்திரம் வரைந்தது மிகை என்று நினைப்பவர்கள் இந்த நெருப்பையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1920இல் காட்மன் எலும்புப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கினார். என் பார்வையில் இதுதான் அவருடைய மிகப் பெரிய கொடை. எலும்புப் புற்று அரிதான நோய். ஒரு மருத்துவர் வாழ்நாளில் பார்ப்பது சில பேரைத்தான். ஆகவே நாடெங்கும் உள்ள அறுவை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நோயாளிகளின் விவரங்களையும் எக்ஸ்-ரே படங்களையும் அனுப்புங்கள் என்று கேட்டார். வந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஒரே நோய்க்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருப்பது புலப்பட்டது. குணமானவர் என்று காட்டப்பட்ட சிலருக்கு அந்த நோயே இருந்ததா என்ற ஐயமும் எழுந்தது. அட்டை ஒரு மருத்துவமனையின் கணக்கு; பதிவேடோ எல்லாருடைய கணக்கையும் ஒரே அளவுகோலில் வைக்கும் இடம். இந்த வேறுபாட்டை அவர் கடிதம் கடிதமாக உழைத்துக் கண்டுபிடித்தார்.

அவரைப் புகழ்ந்துகொண்டே போக நான் விரும்பவில்லை. காட்மன் பழகுவதற்கு எளிதானவர் அல்லர். நயமாகச் சொல்லி நடத்திக்கொள்ள வேண்டிய இடத்தில் உடைத்துப் பேசிக் காரியத்தைக் கெடுத்திருக்கிறார். புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் இன்னொரு குறையும் எனக்குத் தெரிகிறது. எண்பது வயது நீரிழிவு நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையையும் நாற்பது வயதுக்காரர்களை மட்டும் ஏற்கும் மருத்துவமனையையும் இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அது அநியாயம். நோயாளி வரும்போதே சுமந்து வந்த ஆபத்தைக் கழித்துக் கணக்கிடும் முறை அவர் கையில் இல்லை. அது பின்னால் வந்தது.

1934இல் தோள்பட்டையைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில் தம் வாழ்க்கைக் கதையையும் சொல்லியிருக்கிறார். தோளைப் பற்றி அறிய வாங்கியவர்கள் திகைத்திருப்பார்கள்! 1940 நவம்பர் 23ஆம் நாள் தோல் புற்றுநோயால் காலமானார். பாஸ்டனுக்கு அருகே மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. மருத்துவர்கள் சேர்ந்து 2014இல்தான் கல் நாட்டினார்கள்.

அவருடைய அட்டை இதயத்துக்கு வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. நியூயார்க் மாநிலம் 1989இல் இதய அறுவைச் சிகிச்சைகளுக்குப் பதிவேடு தொடங்கி, நோயாளிகளின் ஆபத்து அளவைக் கணக்கில் கொண்டு ஒவ்வொரு மருத்துவமனையின் இறப்பு விகிதத்தையும் வெளியிட்டது. அப்படிச் சீராக்கிய விகிதம் 1989இல் நூற்றுக்கு 4.17; 1992இல் 2.45. மருத்துவர்கள் ஆபத்தான நோயாளிகளை ஏற்கத் தயங்குவார்கள் என்ற எதிர்ப்பும் எழுந்தது. அந்த வாதம் இன்னும் தீரவில்லை. அதில் நியாயமும் உண்டு. கணக்கே பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் சாட்சி. அங்கே குழந்தைகளுக்கான இதய அறுவையில் ஏதோ சரியில்லை என்று ஐயுற்று எண்களைத் திரட்டியவர் ஸ்டீபன் போல்சின். அவரும் மயக்க மருத்துவர்தான்! அவருடைய பேச்சு எடுபடவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். 1991 முதல் 1995 வரை எதிர்பார்க்கக்கூடியதைவிட ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் அதிகமாக இறந்தார்கள் என்று 2001இல் விசாரணை அறிக்கை சொன்னது.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பதிவேட்டுக்கு வழி காட்டியவர் நம்மவரே. நோய்க்குறியியல் பேராசிரியர் க. சண்முகரத்தினம் நிறுவிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு 1968 முதல் இயங்கிவருகிறது. அவர் 2018இல் மறைந்தார். இதயத்தைப் பற்றிய எச்சரிக்கை அதற்கும் முன்னரே வந்துவிட்டது. டி. ஜே. தனராஜும் உடன் உழைத்தவர்களும் சிங்கப்பூரின் பிணப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரை, இதயத் தமனி நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இறந்தவர்களின் ஏடுகளைப் புரட்டித்தான் அன்று அதை அறிய முடிந்தது.

இன்று மாரடைப்புக்கென்று தேசியப் பதிவேடு உண்டு. தேசிய அளவில் 2007இல் தொடங்கியது. அதே ஆண்டு நோய்ப் பதிவேடுகளுக்கான சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2012 முதல் மாரடைப்பு நோயாளிகளைப் பற்றிய தகவலை மருத்துவமனைகள் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும். பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, உண்மையில் மாரடைப்புதானா என்று உறுதி செய்து, வாசலை மிதித்த நேரம், அடைத்த தமனியைத் திறந்த நேரம், கொடுத்த மருந்துகள் என ஒவ்வொன்றாகப் பதிகிறார்கள். வாசலுக்கும் தமனி திறப்பதற்கும் இடைப்பட்ட நேரம் 90 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட இலக்கு. காட்மன் ஓராண்டு கழித்துக் கடிதம் எழுதிக் காத்திருந்தார். இங்கே அடையாள அட்டை எண்ணை இறப்புப் பதிவோடு ஒப்பிட்டால் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது தெரிந்துவிடும். சிறிய நாடாக இருப்பதில் இப்படியும் ஒரு வசதி. அறிக்கைகளில் மலாய்க்காரர், இந்தியர் விகிதங்கள் சீனர்களுடையதைவிட மேலேயே நிற்கின்றன. மீன் தலைக் கறியையும் புரோட்டாவையும் குறை சொல்லிவிட்டுப் போகலாம்; காரணம் அவ்வளவு எளிதல்ல.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அறிக்கையின் விகிதங்கள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் வைத்துக் கணக்கிடப்படுபவை. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் பெரும்பாலோர் வேலை அனுமதிச் சீட்டில் வந்த நம் சகோதரர்கள். அவர்களில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் இங்கே சிகிச்சை நடக்கும். பிறகு ஊருக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு நேர்ந்தது இங்குள்ள இறப்புப் பதிவில் ஏறாது. ஓராண்டுக் கட்டத்தில் எதை எழுதுவது?

ஊரிலும் கணக்கெடுக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து மாரடைப்புச் சிகிச்சையை விரைவுபடுத்திய திட்டம் ஒன்றில் 2,420 நோயாளிகளைப் பதிவு செய்து, ஓராண்டு வரை பின்தொடர்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6; பின்னர் 14.2. இரண்டு கரையிலும் அட்டை இருக்கிறது. இங்கிருந்து திருச்சி விமானத்தில் ஏறிப் போகிறவரின் அட்டையை அங்குள்ள அட்டையோடு சேர்த்து வைக்கும் பதிவேட்டைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.